அதிர்ஷ்டச் சக்கரம்: ஒரு டாரட் சீட்டை லியர் மன்னனைக் கொண்டு வாசிக்கும் முறை

குறி சொல்லப் பயன்படும் படச்சீட்டுக் கட்டான டாரட்டைக் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவர்கள், கையேட்டில் ஒவ்வொரு சீட்டுக்கும் அச்சிட்டிருக்கும் நான்கைந்து சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு, சீட்டு விழுந்ததும் அவற்றையே ஒப்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பத்தாம் எண் சீட்டான அதிர்ஷ்டச் சக்கரத்துக்கு நான் பாடம் செய்துவைத்திருந்தவை மாற்றம், திருப்பம், நல்ல காலம் என்ற மூன்று சொற்கள். இரும்புக்கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டிருந்த பெரியவர் ஒருவருக்கு அந்தச் சீட்டு விழுந்தபோது, "சக்கரம் சுழலப்போகிறது ஐயா, இனி நல்ல காலம்தான்" என்று சொன்னேன். அவர் சீட்டைக் கையில் எடுத்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சுழலும் தம்பி, அது தெரிகிறது. எந்தப் பக்கம் என்றுதான் கேட்கிறேன்" என்றார். நான் பாடம் செய்திருந்த மூன்று சொற்களில் எதற்கும் அந்தக் கேள்விக்கு எதிரே நிற்கும் வலு இருக்கவில்லை.

அந்தக் கேள்வியைத் தாங்கக்கூடிய ஒரு வாசிப்பு முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். சீட்டின் பொருளைச் சொற்களாக வைத்துக்கொள்ளாமல், ஓர் இலக்கிய மாந்தரின் வாழ்க்கையாக வைத்துக்கொள்வதே அந்த முறை. அதிர்ஷ்டச் சக்கரத்துக்கு நான் எடுத்துக்கொண்ட மாந்தர் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன். சீட்டு எதிர்காலத்தை அறிவிக்கும் என்று நான் நம்புவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எதிரில் உட்கார்ந்திருப்பவர் தம் நிலையைத் தாமே பார்த்துக்கொள்ள உதவும் படமாகவே அதைக் கையாள்கிறேன். பலன் சொல்வதற்கென்றே சீட்டு எடுப்பவர்களுக்கும் இது பயன்படலாம், ஆனால் நாடகத்தின் முடிவைப் பற்றிச் சொல்லும் பகுதி அவர்களுக்குப் பிடிக்காமல் போகக்கூடும்.

மாந்தரைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு சீட்டுக்கு ஏற்ற மாந்தரைத் தேடும்போது குணம் பொருந்துகிறதா என்று பார்ப்பதே வழக்கம். பேரரசர் சீட்டுக்குக் கண்டிப்பான ஒரு தந்தை, துறவி சீட்டுக்குத் தனிமையை நாடும் ஒரு முனிவர் என்று எளிதில் சேர்த்துவிடலாம். அதிர்ஷ்டச் சக்கரத்துக்கு அந்த வழி உதவாது, ஏனென்றால் அந்தச் சீட்டில் இருப்பது ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும் போக்கு. ஆகவே கதையின் போக்கைத்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். உயரத்தில் இருந்த ஒருவன் கீழே வர வேண்டும். அந்த வீழ்ச்சியில் அவனுடைய கையும் இருக்க வேண்டும். அவன் விழும்போது வேறு யாரோ ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கதையை நீங்கள் முடிவுவரை படித்திருக்க வேண்டும். கதைச்சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு எடுத்துக்கொண்ட மாந்தர், சீட்டு விழுந்த இரண்டாம் நிமிடத்திலேயே உங்களைக் கைவிட்டுவிடுவார்.

நாட்டை இழந்த மன்னர்கள் என்றதும் நமக்கு நளனும் அரிச்சந்திரனும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். இருவரையும் முயன்று பார்த்தேன். இருவருக்கும் இழந்தது திரும்பக் கிடைத்துவிடுகிறது. அதனால் கீழே வந்த சக்கரம் மேலே போய்த்தான் தீரும் என்ற ஆறுதலை அவர்கள் சீட்டின்மேல் ஏற்றிவிடுகிறார்கள். பெரியவரிடம் நான் சொல்லித் தோற்றதும் அதே ஆறுதலைத்தான். லியரிடம் அந்த ஆறுதல் இல்லை.

நாடகத்தைப் படித்து வெகு நாளானவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். எண்பது வயதைத் தாண்டிய பிரிட்டன் மன்னன் லியர், நாட்டை மூன்று மகள்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற முடிவுசெய்து, தன்மீது யாருக்கு அதிக அன்பு என்று சபையில் அவர்களையே சொல்லச் சொல்கிறான். மூத்தவர்களான கானரிலும் ரீகனும் வாய் நிறையப் புகழ்கிறார்கள். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்ன இளையவள் கார்டீலியாவுக்குப் பங்கு கிடைப்பதில்லை. அவளுக்காகப் பரிந்து பேசிய கென்ட் பிரபு நாடு கடத்தப்படுகிறான். பிறகு மூத்த மகள்கள் இருவரும் தந்தையைப் படிப்படியாக ஒதுக்க, அவன் புயலில் வெட்டவெளியில் அலைந்து மனம் பேதலிக்கிறான். படையோடு வந்து தந்தையைக் காப்பாற்றும் கார்டீலியா, போரில் தோற்றுச் சிறையில் தூக்கிலிடப்படுகிறாள். அவளுடைய உடலைக் கையில் ஏந்தியபடி வரும் லியரும் இறக்கிறான். இதன் இணைகதையில் கிளாஸ்டர் பிரபு, முறை தவறிப் பிறந்த மகன் எட்மண்டை நம்பி நல்ல மகன் எட்கரை விரட்டிவிட்டுக் கண்களை இழக்கிறான். 1606 டிசம்பர் 26ஆம் நாள் லண்டன் வைட்ஹால் அரண்மனையில், இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒரே நாடாக்க முயன்றுகொண்டிருந்த ஜேம்ஸ் மன்னரின் முன் இந்த நாடகம் நடிக்கப்பட்டது. நாட்டைப் பிரிக்கும் மன்னனின் கதையை அவர் எந்த முகத்தோடு பார்த்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

பழைய சீட்டை முதலில் பாருங்கள்

இன்று நம் கைக்குப் பெரும்பாலும் வருவது, ஆர்தர் எட்வர்ட் வெயிட் சொல்லியபடி பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட சீட்டுக்கட்டு, அல்லது அதைப் பின்பற்றி வந்தவற்றில் ஒன்று. அதில் அதிர்ஷ்டச் சக்கரம் மேகங்களுக்கு நடுவே மிதக்கிறது. உச்சியில் சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட ஸ்பிங்ஸ் வாளேந்தி உட்கார்ந்திருக்கிறது; இடப்பக்கம் ஒரு பாம்பு இறங்குகிறது; வலப்பக்கம் குள்ளநரித் தலை கொண்ட உருவம் ஏறுகிறது; நான்கு மூலைகளிலும் தேவதை, கழுகு, சிங்கம், காளை ஆகிய நான்கும் சிறகுகளோடு புத்தகம் படித்துக்கொண்டிருக்கின்றன. அழகான படம்தான், ஆனால் சக்கரத்தின்மேல் மனிதர் யாருமே இல்லை. தொடக்கநிலையில் இருப்பவர்கள் இந்தச் சீட்டின்முன் திணறுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். விழுகிறவனுக்கு முகம் இல்லாதபோது விழுவதைப் பற்றி என்ன பேசுவது?

ஆகவே பழைய கட்டுக்குப் போங்கள். டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகத்தான் பிறந்தது. அதை வைத்துக் குறி சொல்வது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில்தான் பரவலாயிற்று. ஏறத்தாழ 1450ஆம் ஆண்டையொட்டி மிலான் பிரபு பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ட்சா, அவருடைய மனைவி பியாங்கா மரியா விஸ்கோன்டி ஆகியோரின் குடும்பத்துக்காகக் கையால் தீட்டப்பட்ட விஸ்கோன்டி-ஸ்ஃபோர்ட்சா கட்டில் 74 சீட்டுகள் எஞ்சியிருக்கின்றன. நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும், பெர்காமோ நகரின் கராரா கலைக்கூடத்திலும், ஒரு தனியார் குடும்பத்திடமும் அவை பிரிந்து கிடக்கின்றன. படங்கள் இணையத்தில் எளிதில் கிடைக்கும். அதிர்ஷ்டச் சக்கரத்தை மட்டும் பெரிதாக அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சீட்டில் கண்கட்டப்பட்ட அதிர்ஷ்ட தேவதை சக்கரத்தின் நடுவில் இருக்கிறாள். நம் மொழியில் அதிர்ஷ்டம் என்றால் நல்லது மட்டும்தான் என்று ஆகிவிட்டது. வடமொழியில் அந்தச் சொல்லுக்குக் காணப்படாதது என்றே பொருள், அதில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. தேவதையின் கண்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பழைய பொருளை நினைத்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். சக்கரத்தைச் சுற்றி நான்கு ஆட்கள். ஏறுகிறவன் "ஆள்வேன்" என்கிறான். உச்சியில் இருப்பவன் "ஆள்கிறேன்" என்கிறான். இறங்குகிறவன் "ஆண்டேன்" என்கிறான். அடியில் ஒரு கிழவன் கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, சக்கரத்தை முதுகில் தாங்கிக்கொண்டு, "ஆட்சி இல்லாமல் இருக்கிறேன்" என்கிறான். லத்தீனில் எழுதப்பட்ட இந்த நான்கு தொடர்களும் ஐரோப்பாவில் அந்தச் சீட்டுக்கு முன்பே வழங்கிவந்தவை. தமிழில் சொல்லிப் பார்த்தால், ஒரே வினைச்சொல் முக்காலத்திலும் நடந்து வந்து நான்காவது இடத்தில் நின்றுபோவது காதிலேயே விழும்.

இனிக் கவனிக்க வேண்டியது தலைகளை. ஏறுகிறவனுக்குக் கழுதைக் காது முளைத்திருக்கிறது, உச்சியில் இருப்பவனுக்கும் கழுதைக் காது இருக்கிறது, இறங்குகிறவனுக்குப் பின்னால் கழுதை வால் தொங்குகிறது. அடியில் கிடக்கும் கிழவன் ஒருவனே கழுதையின் அடையாளம் எதுவும் இல்லாத முழு மனிதன். லியரின் கதை முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

நான்கு இடங்களிலும் லியரை நிறுத்துதல்

அச்செடுத்த படத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, நான்கு ஆட்களுக்கும் அருகில் நாடகத்திலிருந்து ஒவ்வொரு காட்சியை எழுதுங்கள். எந்தக் காட்சிகள் என்பதை நீங்களே முடிவுசெய்வது நல்லது. நான் எழுதியவற்றை எடுத்துக்காட்டாக மட்டும் தருகிறேன்.

உச்சியில் இருப்பவனுக்கு அருகில் அன்பை அளக்கும் சபைக் காட்சியை எழுதினேன். கழுதைக் காதுக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது. லியரின் அரசவைக் கோமாளியான விதூஷகனே பிற்பாடு அந்தச் சொல்லை எடுக்கிறான்: கிரீடத்தை நடுவில் பிளந்து இரண்டு பாதியையும் கொடுத்தபோது, சேற்றில் நடந்து போகையில் உன் கழுதையை உன் முதுகில் நீயே சுமந்தாய் என்று மன்னனை முகத்துக்கு நேரே இடித்துரைக்கிறான்.

இறங்குகிறவனுக்கு அருகில் நான் எழுதியது நூறு வீரர்களின் கணக்கு. இந்தக் காட்சியை மெதுவாகப் படியுங்கள். நாட்டைக் கொடுத்தபோது, மன்னன் என்ற பெயரையும் அதற்குரிய மரியாதைகளையும் நூறு வீரர்களையும் லியர் தனக்கென்று வைத்துக்கொண்டான். கானரில் அதில் ஐம்பதைக் குறைக்கிறாள். கோபித்துக்கொண்டு ரீகனிடம் போகிறான். அவள் இருபத்தைந்துக்கு மேல் இடமில்லை என்கிறாள். உடனே அவன் மூத்தவள் பக்கம் திரும்பி, உன் ஐம்பது இவளுடைய இருபத்தைந்தின் இரு மடங்கு, ஆகவே உன் அன்பும் இரு மடங்கு என்கிறான். சபையில் அன்பை அளந்த அதே முழக்கோலை அவன் இன்னும் கையிலிருந்து கீழே போடவில்லை. அதற்குள் மூத்தவள் இருபத்தைந்து எதற்கு, பத்து எதற்கு, ஐந்து எதற்கு என்று இறக்கிக்கொண்டே வர, ரீகன் "ஒருவன்தான் எதற்கு?" என்று முடித்துவிடுகிறாள். "ஆண்டேன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு "ஆள்கிறேன்" என்றே ஒருவன் பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. கடைச் சாவியைக் கொடுத்துவிட்டுத் தினமும் காலையில் வந்து கல்லாப்பெட்டிக்கு அருகில் நாற்காலி போட்டு உட்காரும் பெரியவரிடம் நான் பேச வேண்டியிருந்தது இதைப் பற்றித்தான்.

அடியில் இருப்பவனுக்கு இரண்டு காட்சிகளை எழுதினேன், இரண்டிலும் லியர் மண்டியிடுகிறான் என்பதால். முதல் முறை ரீகனின் முன்: எனக்கு உடையும் படுக்கையும் உணவும் கொடு என்று முழங்காலில் நின்று கேட்க வேண்டுமோ என்று நையாண்டியாக மண்டியிட்டுக் காட்டுகிறான். இரண்டாம் முறை, புயலும் பித்தும் கடந்து தூங்கி விழித்த பிறகு, கார்டீலியாவின் முன் உண்மையாகவே மண்டியிட முயல்கிறான், அவள் தடுக்கிறாள். தான் அறிவு குறைந்த கிழவன் என்றும், தன் புத்தி சரியாக இல்லை என்று அஞ்சுவதாகவும் அங்கேதான் முதன்முறையாகத் தன்னைப் பற்றி நேராகப் பேசுகிறான். உடலின் நிலை இரண்டு முறையும் ஒன்றுதான், ஆனால் முதல் முறை அவன் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறான், இரண்டாம் முறை தரையைத் தொட்டுவிட்டான். எதிரில் இருப்பவர் "நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்" என்று சொல்லும்போது, அது எந்த மண்டியிடல் என்று கேட்டுக்கொள்வது இந்தச் சீட்டில் எனக்கு மிகவும் உதவிய ஒரே கேள்வி.

ஏறுகிறவனுக்கு லியரிடம் காட்சி இல்லை. நாடகம் தொடங்கும்போதே அவன் உச்சியில் இருக்கிறான். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடாமல் எட்மண்டை அங்கே நிறுத்துங்கள், வேண்டுமானால் இரண்டு மகள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் எப்போதும் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதையும், ஒருவன் இறங்கும் வேகத்தில்தான் இன்னொருவன் ஏறுகிறான் என்பதையும் கையேடுகள் சொல்வதே இல்லை. சாகும் தறுவாயில், சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது, நான் இங்கே கிடக்கிறேன் என்று எட்மண்ட் சொல்லும்போது இந்தக் காலி இடமும் நிரம்பிவிடும்.

காட்சிகளைக் கேள்விகளாக மாற்றுதல்

நோட்டுப் பக்கம் தயாரானதும் சீட்டு விழும்போது பொருள் சொல்வதை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கலாம். கேட்பவர் தாம் இப்போது எந்தக் காலத்தில் பேசுகிறார் என்பதை முதலில் கவனியுங்கள். "பதவி வரும்", "வீடு கட்டுவேன்" என்றே பேசுகிறவரா, "அப்போதெல்லாம் என் பேச்சை எல்லாரும் கேட்டார்கள்" என்று தொடங்குகிறவரா என்பது நான்கைந்து வாக்கியங்களிலேயே தெரிந்துவிடும். பிறகு, இந்தச் சக்கரத்தை யார் தள்ளியது என்று கேளுங்கள். நம் காலம் கெட்டுப்போகும்போது, பெரும்பாலும் நம் நடத்தையாலேயே அது கெட்டிருந்தும், சூரியனையும் சந்திரனையும் நட்சத்திரங்களையும் குற்றவாளியாக்குகிறோம் என்று நாடகத்தில் ஏளனம் செய்கிறவன் எட்மண்ட். அவன் வில்லன்தான். ஆனாலும் சீட்டை வைத்துக்கொண்டு பேசுகிற யாரும் அந்தப் பேச்சை ஒரு முறை படித்துவிட்டு உட்காருவது நல்லது, நம் தொழிலைத்தான் அவன் கேலி செய்கிறான். லியரின் சக்கரத்தை முதலில் தள்ளியது லியரின் கைதான். பிறகுதான் மற்றவர்கள் கை வைத்தார்கள்.

மூன்று சீட்டுகளை விரித்து, இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று வாசிக்கும்போது சக்கரம் இறந்தகாலத்தில் விழுந்தால், தள்ளியவர் யார் என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். நிகழ்காலத்தில் விழுந்தால் நான்கு ஆட்களின் படத்தையும் அவர் பக்கம் திருப்பி வைத்து, எந்த ஆள்மேல் கண் முதலில் போகிறது என்று கேட்கிறேன். எதிர்காலத்தில் விழுந்தால், நீங்கள் ஏறும்போது யாருடைய முதுகில் சக்கரம் நிற்கும் என்று கேட்கிறேன். பதவி உயர்வை எதிர்பார்த்து வந்தவர்கள் இந்தக் கேள்வியை விரும்புவதில்லை.

சீட்டு தலைகீழாக விழுந்தால் கையேடுகள் கெட்ட காலம் என்கின்றன. லியரை வைத்துப் பார்த்தால், சக்கரம் சுழன்றுவிட்டதை ஒப்புக்கொள்ளாத நிலை என்பது இன்னும் சரியாகப் பொருந்துகிறது: அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் பெயரை வைத்துக்கொள்வது. அருகில் நாணயச் சீட்டுகளில் நான்காவதும் வந்து சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். கிரீடம் அணிந்த ஒருவன் நாணயத்தை மார்போடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சீட்டு அது. அதே வரிசையில் ஐந்தாம் சீட்டு வந்தால், பனியில் இரண்டு ஏழைகள் ஒளிரும் ஜன்னலைக் கடந்து போவதைப் பார்ப்பீர்கள். அங்கே லியரும், பைத்தியக்காரப் பிச்சைக்காரனாக வேடமிட்ட எட்கரும் புயலில் நிற்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். தலைக்குமேல் கூரையில்லாத ஏழைகளைப் பற்றி ஆட்சியில் இருந்தபோது போதிய கவலை எடுத்துக்கொள்ளவில்லையே என்று லியர் அங்கே வருந்துகிறான். செல்வர்கள் தங்களிடம் மிஞ்சியதை அவர்களுக்கு உதிர்க்கட்டும் என்கிறான். செல்வம் சகடக்கால் போல வரும் என்று நாலடியாரில் படித்த நமக்கு இது புதிதாக இருக்காது. அந்தப் பாட்டும் ஆறுதலுக்காகச் சக்கரத்தைக் காட்டவில்லை. வண்டிச் சக்கரம்போல் உருண்டு போய்விடும், ஆகவே கையில் இருக்கும்போதே பலரோடு பகிர்ந்து உண் என்பதற்காகக் காட்டுகிறது. முட்டாள் சீட்டு அருகில் வந்தால், உங்களிடம் உண்மையைக் கேலியாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் யார் என்று கேட்கலாம். கோபுரச் சீட்டைப் புயலோடு சேர்ப்பதில் எல்லாரும் தேர்ந்துவிடுவதால் அதை விட்டுவிடுகிறேன்.

நாடகத்திலிருந்து அறிவுரை எடுக்கும்போது யார் வாயிலிருந்து எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். மலையிலிருந்து பெரிய சக்கரம் உருண்டு இறங்கும்போது பிடியை விட்டுவிடு, இல்லாவிட்டால் உன் கழுத்து முறியும், மேலே ஏறும் சக்கரத்தைப் பிடித்துக்கொள் என்று விதூஷகன் சொல்கிறான். இதைச் சீட்டின் அறிவுரை என்று எடுத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இந்த அறிவுரையை அயோக்கியர்கள் மட்டும் பின்பற்றட்டும் என்றும் அவனே சேர்த்துச் சொல்லிவிட்டு, இறங்கும் சக்கரமான லியரோடு புயலுக்குள் போகிறான். இதற்கு நேர் மாறாக, மாறுவேடத்தில் திரும்பி வந்து மன்னனுக்கே ஊழியம் செய்யும் கென்ட், தொழுமரத்தில் கால்கள் மாட்டப்பட்ட நிலையில், அதிர்ஷ்டமே, இன்னொரு முறை சிரி, உன் சக்கரத்தைத் திருப்பு என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போகிறான். செய்ய முடிந்ததையெல்லாம் செய்துவிட்டுக் காத்திருக்கிறவருக்கு இந்தச் சீட்டு விழும்போது கென்டைத்தான் எடுத்துக்கொள்கிறேன். "நெருப்புச் சக்கரத்தில் கட்டப்பட்டிருக்கிறேன்" என்று லியர் பின்னால் சொல்லும் புகழ்பெற்ற வரியை மட்டும் இந்தச் சீட்டோடு ஒட்டிவிடாதீர்கள். அது தண்டனைச் சக்கரம், அதிர்ஷ்ட தேவதையின் சக்கரம் வேறு.

முடிவைத் திருத்தாமல் இருத்தல்

கடினமான பகுதி இதுதான். தந்தையால் விரட்டப்பட்டு ஒளிந்து வாழும் எட்கர், ஒரு காலையில், கடைநிலைக்கு வந்தவனுக்கு இனி அச்சமில்லை, மாற்றம் வந்தால் சிரிப்பை நோக்கித்தான் வரும் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். அவன் பேசி முடித்ததும், கண்கள் பிடுங்கப்பட்ட தந்தையை ஒரு கிழவர் கைப்பிடித்து நடத்தி வருகிறார். இதுதான் மோசம் என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிறவரை மோசமானது இன்னும் வரவில்லை என்று அவன் அப்போது கண்டுகொள்கிறான். "இதற்குக் கீழே போக முடியாது, இனி மேலேதான்" என்று பெரியவரைப் போன்றவர்களிடம் சொல்ல நாக்கு நுனிவரை வரும்போது இந்தக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் காட்சியில் சக்கரம் ஒரு கணம் மேலே போகத்தான் செய்கிறது. கானரிலின் கணவன் அல்பனி, லியர் உயிரோடு இருக்கும்வரை முழு அதிகாரத்தையும் அவனிடமே திருப்பித் தருவதாக அறிவிக்கிறான். லியர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. இறந்த மகளைப் பார்த்துக்கொண்டு, இந்தப் பொத்தானை அவிழ்த்துவிடுங்கள் என்று அருகில் இருப்பவரிடம் கேட்டு, நன்றி ஐயா என்கிறான். புயலில் உடையைக் கிழித்தெறிந்தபோது பொத்தானைக் கழற்று என்று கூச்சலிட்டவனும் இவன்தான். ஆட்சி கைக்கு வந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு பொத்தான் அவிழ்வது மட்டுமே.

இந்த முடிவை மக்கள் தாங்கவில்லை. 1681இல் நேயம் டேட் என்பவர் நாடகத்தைத் திருத்தி எழுதினார். அதில் லியருக்கு நாடு திரும்பக் கிடைக்கிறது, கார்டீலியா பிழைத்து எட்கரை மணந்துகொள்கிறாள், உண்மை பேசிய விதூஷகன் காணாமலே போய்விடுகிறான். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆங்கில மேடையில் நின்றது அந்தத் திருத்தம்தான். 1838இல் மெக்ரெடி என்ற நடிகர் விதூஷகனையும் சேர்த்துப் பழைய நாடகத்தை மேடைக்கு மீட்டார். இரும்புக்கடைப் பெரியவரிடம் நான் செய்தது டேட் செய்த வேலை. அதில் தவறு என்னவென்றால், வருகிறவர் கேட்காத ஒரு முடிவை நாம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடுகிறோம், அவர் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

இரண்டாம் முறை அவர் வந்தபோது சீட்டு எடுக்கவில்லை. பழைய படத்தை மட்டும் முன்னால் வைத்து, ஆள்வேன், ஆள்கிறேன், ஆண்டேன், ஆட்சி இல்லாமல் இருக்கிறேன் என்று தொடங்கும் நான்கு வாக்கியங்களைத் தம் கடையைப் பற்றி எழுதச் சொன்னேன். முதல் மூன்றும் தாளை நிறைத்துவிட்டன. நான்காவதற்கு நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டில் போய் எழுதுகிறேன் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இந்தப் பயிற்சியில் நான்காவது வாக்கியத்தை அங்கேயே எழுதி முடிக்கும்படி யாரையும் நெருக்காதீர்கள். லியரின் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. தம் பிள்ளைகளை யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்று தெரிந்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

சக்கரம் பழகிவிட்டால் அடுத்த சீட்டுக்கும் இதே நாடகத்தை எடுத்துக்கொள்ளலாம். வெயிட்டின் கட்டில் பதினொன்றாவது நீதி. கிளாஸ்டர் கண்களை இழந்ததை எண்ணிக்கொண்டு, தெய்வங்கள் நீதியுள்ளவை என்று எட்கர் சொல்லும் இடத்திலிருந்து அதைத் தொடங்குங்கள். அவன் அதைச் சொல்லிச் சிறிது நேரத்துக்கெல்லாம்தான் கார்டீலியாவின் உடலை லியர் தூக்கிக்கொண்டு வருகிறான்.